தியானம்: கவிஞர்க்கு ஓர் அறிமுகம்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் தியானம் பற்றிய உரைக்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பே. தியானம் துறவியர்க்கு உரியது, கவிதை உலகியலில் தோய்ந்தவர்க்கு உரியது என்று கருதுவார் பலர். கண்மூடி அமர்பவர் கண்ணெதிரே நிகழும் கொடுமையைக் காணத் தவறுவர் என்பது சமூக அக்கறை கொண்ட கவிஞர் சிலர் முன்வைக்கும் மறுப்பு. மறுபுறமோ, தியானம் பயின்றால் தீராத நோயெல்லாம் தீரும், தேர்வில் முதலிடம் கிட்டும், தொழில் பெருகும் என்று விளம்பரம் செய்வாரும் உளர். ஒரு சாரார் அதனை முற்றாகத் தள்ளுகின்றனர். மற்றொரு சாரார் அதன் தலையில் அளவிறந்த சுமையை ஏற்றுகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே உண்மை எங்கே நிற்கிறது என ஆராய்தலே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

தியானம் என்பது நினைத்தல், உன்னுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்த சொல். அது பாலி மொழியில் 'ஜானம்' என்றாகியது. பௌத்தத்தோடு சீனம் சென்று 'சான்' எனவும், சப்பான் சென்று 'ஜென்' எனவும் திரிந்தது. தமிழில் நிட்டை, மோனம் என்னும் சொற்கள் இதனோடு நெருங்கிய பொருளில் வழங்கி வந்துள்ளன. தனித்தமிழ் அன்பர்கள் 'ஊழ்கம்' என்பர்.

திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைக்கிறார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவ்வெட்டு. இவ்வரிசையில் தியானம் ஏழாம் படியாக நிற்றல் நோக்கத்தக்கது. ஒழுக்கமும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் அதற்கு முன்னே வருகின்றன. மனத்தை ஒரு பொருளில் நிறுத்த முயல்வது தாரணை. அந்நிறுத்தம் இடையறாது ஒழுகுவது தியானம். முதலது முயற்சி, அடுத்தது அம்முயற்சி கனிந்த நிலை.

மனத்தை வெறுமையாக்குவதே தியானம் என்று எண்ணுவோர் பலர். சில நாள் முயன்று, எண்ணங்கள் நிற்கவில்லையே என்று சலித்துக் கைவிடுவோரும் பலர். இத்தவற்றினை நீக்கக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கட்கு நெடுந்தொலைவு சென்று உவமை தேட வேண்டுவதில்லை. 1895ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே கடலை நோக்கி ஓடிய நீரைத் தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் அந்நீரைக் கிழக்கே திருப்பி, கூடலூர், கம்பம் வயல்களுக்கு ஊட்டி, வைகையோடு சேர்த்தது. ஆறு வற்றவில்லை, அதன் வழி மாறியது. தியானத்தில் நிகழ்வதும் இதுவே. எண்ணங்கள் வருவதை எவராலும் நிறுத்த இயலாது. அவை இழுத்த பக்கமெல்லாம் ஓடும் கவனத்தை, ஓடியதை உணர்ந்தவுடன், தேர்ந்த இடத்திற்குத் திருப்பலாம். அவ்வாறு திருப்புதலே பயிற்சி. ஓர் அமர்வில் நூறு முறை மனம் விலகி நூறு முறை திரும்பினால், அது நூறு முறை பயின்றதாகும்.

இல்லறத்தார் நெறிகள்

சுருளி அருவியை ஒட்டிய மலைக்குகைகளில் சித்தர்கள் தவமிருந்தனர் என்பது இப்பகுதியில் வழிவழி வரும் நம்பிக்கை. தேனியை அடுத்த வேதபுரியில், 2021ஆம் ஆண்டில் மறைந்த சுவாமி ஓங்காரானந்தர் வழிநடத்திய சித்பவானந்த ஆசிரமம் அமைந்துள்ளது. எனினும் குகையும் ஆசிரமமும் எல்லார்க்கும் உரியன ஆகா. வேலைக்குச் செல்வோர்க்கும் குழந்தை வளர்ப்போர்க்கும் உரிய நெறி யாது என்பதே இன்றைய வினா.

அவ்வினாவிற்குத் தமிழகத்திலேயே விடை கண்டவர் உளர். காவிரிக் கரையில் திருப்பராய்த்துறையில் 1942ஆம் ஆண்டு தபோவனம் நிறுவிய சுவாமி சித்பவானந்தர் (1898–1985), 'அந்தர்யோகம்' என்னும் ஒருநாள் பயிற்சியைத் தமிழக ஊர்களில் நடத்தினார். இல்லறத்தார் ஒரு நாளை மட்டும் ஒதுக்கிக் காலையில் வந்து கூடுவர். வழிபாடு, தியானம், சொற்பொழிவு, வினா விடை என அந்நாள் நடைபெறும். வீண்பேச்சு தவிர்த்து மௌனம் காப்பர். மாலையில் தத்தம் இல்லத்திற்கு மீள்வர். மாலையில் வீடு திரும்புதல் என்பது இதன் சிறப்பு. உலகை விட்டு ஓடுவதற்கு அன்றி, உலகிற்குத் திரும்புவதற்கே அந்நாள் வகுக்கப்பட்டது.

நெசவாளர் குடியிற் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) இவ்வழியில் மேலும் நெடுந்தொலைவு சென்றார். 1958ஆம் ஆண்டில் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவி, 1984ஆம் ஆண்டில் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் அமைத்தார். மனவளக்கலை என்னும் பெயரில் இல்லறத்தார்க்கு உரிய தியானத்தை எளிமைப்படுத்தினார். அதனோடு உடற்பயிற்சியையும், சினம், கவலை ஆகியவற்றை ஆராய்ந்து சீர்செய்யும் பயிற்சியையும் இணைத்தார். அவர் தம் கருத்துகளைப் பாக்களாகவும் பாடி, 'ஞானக் களஞ்சியம்' எனத் தொகுத்தளித்தவர் என்பது கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

பர்மாவில் பிறந்து 1969ஆம் ஆண்டில் இந்தியா வந்து விபாசனா தியானத்தைப் பரப்பிய கோயங்கா (1924–2013) கூறும் செய்தி ஒன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. கடும் ஒற்றைத் தலைவலியால் வருந்திய அவர், பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராகப் பணிபுரிந்த ஊ பா கின் என்னும் ஆசிரியரை நாடினார். தலைவலி தீர்வதற்காக மட்டும் வருவதாயின் ஏற்பதற்கில்லை என்று ஆசிரியர் மறுத்தாராம். மனத்தூய்மை நாடி வருவோர்க்கு உடல்நலம் உடன்விளைவாக வரலாம். அதனையே குறிக்கோளாக்கினால் இரண்டும் கைநழுவும் என்பது அம்மறுப்பின் உட்பொருள்.

பெரியகுளத்தின் பின்னே உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் மலையில், பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவியாகிய ஆமா சாமி 1996ஆம் ஆண்டில் 'போதி ஜென்டோ' என்னும் ஜென் தியான நிலையத்தைத் தொடங்கினார். இந்தியாவினின்று கீழ்த்திசை சென்ற சொல், வேற்று ஒலியுடன் மீண்டும் இம்மலைக்கே வந்து சேர்ந்தது எனலாம். சமயம் பலவாயினும், அமர்ந்து கவனித்தல் என்னும் செயல் அனைத்திற்கும் பொதுவாகிறது.

பயிலும் முறை

தொடங்குவோர்க்கு விரிவான ஏற்பாடுகள் தேவையில்லை. பாயிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர அமர்தல் போதும். கண்களை மெல்ல மூடலாம். மூடுவது அச்சம் தருமாயின் தரையை நோக்கித் தாழ்த்திக் கொள்ளலாம். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும், அதனை மாற்ற முயலாது, மூக்கின் நுனியிலோ வயிற்றிலோ உணர்தல் வேண்டும். மனம் விலகியதை அறிந்தவுடன் தன்னைக் கடிந்து கொள்ளாது மூச்சிற்குத் திரும்புதல் வேண்டும். தொடக்கத்தில் நாள்தோறும் 10 நிமிடம் போதும். ஒரு நாள் ஒரு மணி நேரம் அமர்ந்து ஆறு நாள் விடுவதினும், நாள்தோறும் சிறிது நேரம் அமர்வதே பழக்கமாக வேரூன்றும்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களைக் கண்டோர், காய்தோறும் பதியும் அவர்தம் கண்ணையும் பிழையறியும் விரல்களையும் வியப்பர். நுண்ணிய கவனம் என்பது எத்தகையது என்பதற்கு அது சான்றாகும். ஆயினும் முதுகு நோகக் கூலிக்கு உழைக்கும் உழைப்பைத் தியானம் என்று புகழ்வது நேர்மையாகாது. அப்பெண்களுக்கு முதலில் வேண்டுவன நல்ல கூலியும் ஓய்வும். தியானம் அவற்றிற்கு மாற்றாகாது. இதனை மறந்து எழுதப்படும் தியானப் புகழுரை, மேற்கூறிய மறுப்பாளர்களின் ஐயத்தை உறுதி செய்வதாகவே முடியும்.

அறிவியல் கண்ட பயன்கள்

தியானத்தின்போது உடலில் நிகழும் மாற்றங்களை வாலஸ், ஹெர்பர்ட் பென்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் அளந்து, 1972ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உடல் உட்கொள்ளும் ஆக்சிஜன் குறைதலையும், இதயத்துடிப்பு தணிதலையும் அவர்கள் கண்டனர். 1979ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட் ஜின், நாட்பட்ட வலியால் வருந்துவோர்க்கென 8 வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பின்வந்த ஆய்வுகள் பல, இப்பயிற்சியை அடிப்படையாகக் கொண்டவையே.

2014ஆம் ஆண்டில், 3515 பேர் பங்குபெற்ற 47 ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட திறனாய்வு ஒன்று வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானப் பயிற்சி ஓரளவு தணிக்கிறது என்பதற்கு மிதமான சான்று உண்டு என அது முடிவு கூறியது. மருந்து, உடற்பயிற்சி முதலியவற்றினும் அது சிறந்தது என்பதற்குச் சான்றில்லை எனவும், உறக்கம், கவனம் ஆகியவற்றில் பயன் உண்டு என நிறுவப் போதிய சான்று கிட்டவில்லை எனவும் கூறியது. பதற்ற நோய் உடையோரிடம் நிகழ்த்திய ஓர் ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேற்கூறிய 8 வாரப் பயிற்சி, அந்நோய்க்கு வழங்கப்படும் மருந்து ஒன்றிற்கு இணையான பயன் தந்தது என்பது அதன் முடிபு. தியானம் மூளையின் அமைப்பையே மாற்றும் என்று முன்னர்ப் பரவிய செய்தியோ, அதே 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் உறுதிப்படவில்லை.

இவற்றால் அறியப்படுவது, பயன் உண்மை. அதற்கு எல்லையும் உண்டு என்பதே. இவ்வெல்லையை மறைப்பதால் விளையும் தீங்கு பெரிது. தியானத்தை நம்பிச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஊறு செய்யும். கடும் மனச்சோர்வோ, ஆழ்ந்த அதிர்ச்சியின் வடுவோ உடையோர்க்கு நெடுநேர மௌனம் துன்பத்தை மிகுவிக்கவும் கூடும். அத்தகையோர் மருத்துவரைக் கலந்தே பயில வேண்டும். 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 14416 என்னும் மனநல உதவி எண்ணும் உண்டு. டிசம்பர் 21ஆம் நாளை உலகத் தியான நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. அந்நாளில் ஊர்தோறும் நடைபெறும் கூட்டங்களில் இவ்வெச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லப்படுதல் நன்று.

கவிஞர்க்குப் பயன் யாது?

தியானம் பயின்றால் கவிதை ஊற்றெடுக்கும் என்று சொல்வதற்கில்லை. தியானமே அறியாத பெருங்கவிஞர் பலர். நாள்தோறும் தியானித்தும் ஒரு வரி எழுதாதவர் பற்பலர். ஆயினும் இரண்டிற்கும் பொதுவாக ஒரு செயல் உண்டு. கண்ட பொருளை விட்டு விலகாது நிற்றலே அது. போடிநாயக்கனூர்ப் பகுதியிற் பிறந்த நா. காமராசன் 'கறுப்பு மலர்கள்' தொகுப்பில், சமூகம் முகம் திருப்பிக் கடந்து சென்ற மாந்தரை நின்று நோக்கினார். பெரியகுளத்து மு. மேத்தா 'கண்ணீர்ப் பூக்க'ளில் எளியோர் துயரை நின்று கேட்டார். பிறர் கடந்து சென்ற இடத்தில் நின்றமையே அவர்தம் கவிதைக்கு வலிமை தந்தது. தியானம் அந்நிற்றலைச் சொல்லின் துணையின்றிப் பயில்கிறது. முதலில் வந்த சொல்லை உடனே பற்றாது, அடுத்த சொல் எழும்வரை பொறுத்திருத்தல் எழுதுவோர் அனைவர்க்கும் வேண்டுவது. அப்பொறுமைக்கு அமைதியாய் அமரும் பழக்கம் துணைசெய்யும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கண்மூடியவர் உலகை மறப்பர் என்னும் மறுப்பிற்கு வடலூரே விடை. ஒளியைத் தியானித்த வள்ளலார், 1872ஆம் ஆண்டில் சத்திய ஞான சபையை நிறுவினார். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1867இல், சத்திய தருமச் சாலையை அமைத்துப் பசித்தோர்க்குச் சோறிட அடுப்பை மூட்டினார். ஞான சபைக்கு முன் தருமச் சாலை எழுந்தது. அவ்வடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. உள்நோக்கிய பார்வை பிறர் பசியைக் காணத் தடையாவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. தியானிப்பவர் எழுந்த பின் என்ன செய்கிறார் என்பதே அத்தியானத்தின் உரைகல்.

இலக்கிய வட்டத்திற்குச் செயற்படுத்த எளிய முறை ஒன்று உண்டு. மாதக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் அனைவரும் மௌனமாக அமரலாம். ஒவ்வொரு கவிதையும் படித்து முடிந்ததும் கைதட்டலுக்கு முன் மூன்று மூச்சு நேரம் பொறுக்கலாம். சமயச் சார்போ செலவோ இதற்கில்லை. பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்திலேயே இதனைத் தொடங்கி, ஓராண்டு முடிவில் பயன் இருந்ததா இல்லையா என்று உறுப்பினர்களே வெளிப்படையாக ஆய்ந்து முடிவு செய்யலாம்.

வட்டம் மேலும் பல்லாண்டு தமிழ்ப்பணி ஆற்றுக.