அடுத்த ஸ்டேஷன் வேளச்சேரி



ஹாலந்து நாட்டு நாவலாசிரியர் ஹாரி முலிஷைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். 1927இல் பிறந்தவர். அம்மா யூதர். அப்பாவோ நாட்டைப் பிடித்த நாஜிகளோடு சேர்ந்து வேலை பார்த்தவர். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி! அந்தப் பிள்ளை வளர்ந்து 1982இல் ஒரு நாவல் எழுதினார். தமிழில் 'தாக்குதல்' என்று சொல்லலாம்.

1945 ஜனவரி, இருட்டு. நாஜிகளின் கைக்கூலி ஒருவனைத் தெருவில் சுட்டுவிடுகிறார்கள். பிணம் ஒரு வீட்டு வாசலில் கிடக்கிறது. அந்த வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? இழுத்துப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீடு எரிந்தது. குடும்பம் போச்சு. ஒரே ஒரு பையன் மிச்சம். குற்றம் யார்மேல்? சுட்டவனா, இழுத்துப் போட்டவனா, கொளுத்தியவனா? ஆயுசு முழுக்க அந்தக் கேள்வி அவனை விடவில்லை.

தட்டுங்கள், கை தட்ட வேண்டிய எழுத்துதான்! ஆனால் அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1977இல், அதே கேள்வியைத் தமிழில் ஒருத்தர் கேட்டுவிட்டார். '18வது அட்சக்கோடு'! நிஜாம் ஆட்சி முடிகிற 1948. கிரிக்கெட் ஆடித் திரிந்த பையன் சந்திரசேகரன். கலவர ராத்திரியில் ஒரு ஏழை முஸ்லிம் வீட்டுக்குள் போய் விழுகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் தன்னையே கொடுக்க முன்னால் வந்து நிற்கிறாள். அவன் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அவமானம் தாங்காமல் ஓடுகிறான். இது தத்துவம் இல்லையென்றால் எது தத்துவம்?

எழுதியவர் அசோகமித்திரன்! இங்கே பெருங்குடி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் வேளச்சேரி. அங்கேதான் 2017இல் கண் மூடினார். ஆனால் இதே பக்கத்தில் ஒரு நாள் ஒரு மேடை. ஒரு பெரியவர் கேட்கிறார், தமிழில் தத்துவ நாவல் ஏது என்று. பேரைச் சொல்ல மாட்டேன். ஐயா, கப்பலில் வந்தால்தான் சரக்கா? பக்கத்துத் தெருவில் விளைந்தால் பதரா? கூட்டத்தில் ஒருத்தர்கூட எழுந்து மறுக்கவில்லை. அது இன்னும் நெஞ்சில் எரிகிறது!

ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தபோது அசோகமித்திரனுக்கு என்ன வேலை? பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் வைப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கிற ஆளைப் பார்த்து, சும்மா இருக்கிறான் என்று நினைத்து வருகிறவன் போகிறவனெல்லாம் புத்தி சொன்னானாம். அந்த ஆள் எழுதியதைத்தான் இன்று நாடு முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷ் பாடத்தில் படிக்கிறார்கள்! (கைதட்டல்)

மறுபடி அந்த ஹாலந்தைப் பாருங்கள். அங்கே கடலை வெளியே நிறுத்த அணை கட்டுகிறார்கள். நாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறோம். 2019 ஞாபகம் இருக்கிறதா? ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே! எங்கள் தெருவில் லாரி வந்தால் நூறு குடம், இருநூறு குடம் வரிசை. ஓர் அம்மா, நீலப் பிளாஸ்டிக் குடம், வாய் விளிம்பு உடைந்தது. விடியற்காலையிலிருந்து நின்று முறை வந்தபோது, பின்னால் தடியூன்றி நின்ற கிழவரின் சொம்பை வாங்கி முதலில் குழாய்க்கடியில் வைத்தாள். அதற்குள் லாரித் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் 'தண்ணீர்' நாவலில் அவளை அசோகமித்திரன் எழுதிவைத்துவிட்டார், ஐயா! செத்துவிடலாம் என்று இருந்த ஜமுனாவிடம் டீச்சரம்மா உபதேசம் பண்ணவில்லை. தன் கஷ்டத்தைச் சொன்னாள். ஜமுனா குடத்தை எடுத்தாள்.

அந்தப் பெரியவருக்கு என் பதில் அதுதான். தத்துவம் தேடி வெளிநாடு போக வேண்டாம். லாரி வருகிற நேரத்துக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள். கையில் ஒரு சொம்போடு வாருங்கள். அந்த அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். முதலில் உங்கள் சொம்பைத்தான் வைப்பாள்.