நன்கொடையும் நாற்காலியும்

(சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில், மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியப் பெருமக்களே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாகத் தூங்கிய நண்பர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் மாணவ மாணவியரே!

"அமெரிக்காவில் நாற்பது வருஷமா இருக்கே. அங்கே காலேஜ் ஃபுட்பால்னா பைத்தியமா அலையறாங்களாமே, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு மாசச் சம்பளம் ஆகுமாமே, அதைப் பத்திப் பேசேன்" என்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அவர் என் ரூம்மேட். மெஸ் பில் கட்டாமல் தப்பிக்க நாங்கள் செய்த வேலையெல்லாம் அவருக்குத் தெரியும். மறுத்தால் சபையில் சொல்லிவிடுவார். ஆகவே வந்துவிட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல. பந்து இரண்டு முனையும் கூராக, உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். காலால் உதைப்பது குறைவு. கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைக் கவிழ்ப்பதும்தான் ஆட்டம். 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி நியூ ஜெர்சியில் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்ததைத்தான் முதல் கல்லூரி ஆட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 6-க்கு 4 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. பார்த்தவர்கள் நூறு பேர் அளவில்தான் என்கிறார்கள்.

இன்றைக்கு? மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியம் 1927-இல் திறந்தது. இப்போது அதில் 1,07,601 பேர் உட்காரலாம். நம் சேப்பாக்கம் நிரம்பினால் எவ்வளவோ, அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அது இருக்கிற ஆன் ஆர்பர் ஊரின் ஜனத்தொகையே ஒன்றேகால் லட்சம்தான்! ஒரு லட்சத்தைத் தாண்டிய கல்லூரி ஸ்டேடியங்கள் அந்த நாட்டில் இன்னும் சில உண்டு.

இவ்வளவு இடம் இருந்தும் டிக்கெட் ஏன் விலை ஏறுகிறது? கணக்கு எளிது. ஓர் அணி தன் சொந்த ஊரில் ஒரு பருவத்துக்கு ஏழு ஆட்டம்போலத்தான் ஆடும். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தால் நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். பெரிய பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களோ பல லட்சம் பேர். 'ஹோம்கமிங்' என்று ஒரு வாரம் வைத்து, இன்று நாம் கூடியிருப்பதைப் போல, ஊர் ஊராக இருந்து வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு அந்த ஆட்டம்தான் தேர்த்திருவிழா. தேரைப் பார்க்க டிக்கெட் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது.

1981-இல் நான் மேற்படிப்புக்குப் போனேன். மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், அங்கேயும் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். உதவித்தொகையில் வாடகையும் அரிசியும் போக மிச்சமாவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் ஒரு சீசன் டிக்கெட் வாங்க முடிந்தது. மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. பெஞ்சு மேல் ஏறி நின்று மூன்று மணி நேரம் கத்துவார்கள். ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, 'நானும் இங்கே ஒருத்தன்' என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அந்தப் பெஞ்சு மேல் நின்றபோதுதான்.

படிப்பு முடிந்து அதே ஊரில் வேலை. மூலையில் உச்சிப் படியில் இரண்டு சீசன் டிக்கெட் வாங்கினேன். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் எறும்பு. இருந்தாலும் நானும் என் மனைவியும் தெர்மாஸில் காப்பியும் டப்பாவில் தயிர்சாதமுமாகப் போய்வந்தோம்.

2000-க்குப் பிறகு ஒரு வருஷம் கடிதம் வந்தது. மைதானத்தின் நடுப்பகுதி இருக்கைகளுக்கு இனிமேல் டிக்கெட் விலை மட்டும் போதாது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஆண்டுதோறும் விளையாட்டு நிதிக்கு இவ்வளவு நன்கொடை கொடுத்தால்தான், அந்த டிக்கெட்டை வாங்கும் உரிமையே கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அந்த நாட்டில் இது ஒரு பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு அல்ல. பெரிய அணி வைத்திருக்கிற பலரும் செய்வதுதான். சர்க்காரும் அதற்கு ஒத்தாசை செய்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படி டிக்கெட் உரிமைக்காகக் கொடுக்கிற பணத்தில் 80 சதவீதத்தை தர்ம காரியத்துக்குக் கொடுத்ததாக வருமான வரியில் காட்டிக்கொள்ளலாம். ஃபுட்பால் பார்ப்பது அன்னதானத்தோடு சேர்ந்துவிட்டது!

நான் பணம் கட்டினேன். அப்போது நல்ல சம்பளம். நடுப்பகுதியில் முப்பதாவது வரிசை கிடைத்தது. என் வாழ்நாளில் அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்ததில்லை.

முதல் ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு பெரியவர் படியில் இறங்கி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தொப்பியும் சட்டையும் பழைய பல்கலைக்கழக நிறம். பக்கத்து இருக்கைக்காரர்களைத் தேடினார். அவர்களும் இல்லை, எல்லாம் புது முகங்கள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது எங்க சீட்டு. நானும் என் மனைவியும் முப்பது வருஷத்துக்கு மேல இங்கேதான் உட்கார்ந்தோம். இப்ப எங்களை மேல மாத்திட்டாங்க" என்றார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தவர்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உட்காருங்க சார்" என்று எழுந்தேன். "வேண்டாம், வேண்டாம்" என்று தோளைத் தட்டி உட்கார வைத்தார். போகும்போது, "மழை பெய்தா இந்தப் படியில் தண்ணி தேங்கும். பையைக் கீழே வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னார் பாருங்கள், அதுதான் மறக்கவில்லை. அடுத்த வருஷம் மேலேயும் போய்த் தேடினேன். அவர் வரவில்லை.

நானாவது அப்போதே விட்டேனா? இல்லை. மாணவர்கள் முன்னால் பொய் சொல்லக்கூடாது. பத்து வருஷத்துக்கு மேல் அதே இடத்தில் உட்கார்ந்தேன். 2017 முடிவில் வரிச் சட்டத்தைத் திருத்தி, அந்த 80 சதவீதச் சலுகையை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் விட்டேன். என் மனசாட்சிக்கு வருமான வரி இலாகா எழுப்ப வேண்டியிருந்தது.

இனி பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு பக்கம் மட்டும் சொல்வது நியாயமல்ல. நீச்சல், ஓட்டம், பெண்கள் ஹாக்கி என்று வருமானமில்லாத பல விளையாட்டுகளை ஃபுட்பால் பணம்தான் பல இடங்களில் தாங்குகிறது. அது நல்ல காரியம். ஆனால் பயிற்சியாளர்களில் சிலரின் ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதுவும் அதே கஜானாவிலிருந்துதான். நெடுங்காலம் ஆடுகிற பையனுக்கு மட்டும் படிப்புச் செலவைத் தவிர ஒன்றும் இல்லை. 2021 ஜூலையில்தான் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதித்தார்கள். 2025-இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்று ஆயிற்று. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் செலவு யார் தலையில்? டென்னஸி பல்கலைக்கழகம் 2025 பருவத்துக்கான சீசன் டிக்கெட்டில் 'திறமைக் கட்டணம்' என்று 10 சதவீதம் தனியாகச் சேர்த்தது.

டி.வி. பணம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாக இருக்கிறது. முன்பு எத்தனை ஆட்டத்தை ஒளிபரப்பலாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 1984-இல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. பிறகு ஒவ்வொரு கூட்டமைப்பும் தானே விற்க ஆரம்பித்தது. 'பிக் டென்' கூட்டமைப்பு 2022-இல் செய்த ஏழு ஆண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். அதனால் டிக்கெட் விலை குறைந்ததா? குறையவில்லை. டி.வி. விளம்பரம் முடிகிறவரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பார்கள். பணம் கொடுத்து உள்ளே வந்தவன் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

போதாக்குறைக்கு மறுவிற்பனை. நம்ம ஊரில் தியேட்டர் வாசலில் பிளாக்கில் விற்றால் போலீஸ் பிடிக்கும். அங்கே அது கம்ப்யூட்டரில் நடக்கிற கௌரவமான வியாபாரம். 2018 ஜனவரியில் அட்லாண்டாவில் ஜார்ஜியாவும் அலபாமாவும் மோதிய இறுதி ஆட்டத்துக்கு, மூலை இருக்கையே ஆயிரம் டாலருக்கு மேல் போயிற்று. மாணவன் எங்கே போவான்?

மாணவன் என்ன செய்வான் என்பதையும் ஒரு பல்கலைக்கழகம் பார்த்தது. முதலில் சொன்ன அதே மிச்சிகன்தான். 1975 முதல் ஒரு லட்சத்துக்குக் குறையாத கூட்டம் என்பது அவர்கள் பெருமை. அங்கே மாணவர் சீசன் டிக்கெட்டை 300 டாலருக்கு நெருக்கமாக ஏற்றினார்கள். மாணவர்கள் வாங்குவதைக் குறைத்தார்கள். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஊர்வலமாகப் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுக்கே போனார்கள். அணி தோற்றது, அடிபட்ட வீரரைத் திரும்ப ஆடவிட்டது என்று வேறு கோபங்களும் சேர்ந்திருந்தன. ஒரு மாதத்தில் விளையாட்டுத் துறை இயக்குநர் பதவி விலகினார். 2015-இல் மாணவர் டிக்கெட்டை 175 டாலராகக் குறைத்தார்கள். குறைக்க முடியும் என்பது அப்போது தெரிந்தது.

"வாங்க ஆள் இருக்கும்போது விலை ஏற்றுவதில் என்ன தப்பு? அரிசி விலை மாதிரிதானே?" என்று நம் பொருளாதாரத் துறைப் பேராசிரியர் சாப்பாட்டு வேளையில் கேட்டார். சார், அரிசியை யார் வாங்கினாலும் அரிசிதான். ஆனால் கல்லூரி ஆட்டத்தில் பார்க்கிறவர்களும் ஆட்டத்தின் ஒரு பகுதி. பெஞ்சு மேல் ஏறிக் கத்துகிற மாணவனையும், முப்பது வருஷமாக வருகிற தபால்காரரையும் எடுத்துவிட்டால், மிஞ்சுவது டி.வி.யில் பார்க்கக்கூடியதுதான். அதோடு, படிக்கிறபோது ஸ்டேடியத்துக்குள் கால் வைக்காதவன், நாற்பது வயதில் நன்கொடைக் கடிதம் வந்தால் எதற்காகப் பிரிக்கப் போகிறான்?

இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? நம் கல்லூரி மைதானத்துக்கு டிக்கெட் கிடையாது. காம்பவுண்டு சுவர் மேல் உட்கார்ந்து நாங்கள் பார்க்காத மாட்சே இல்லை. ஆனால் இன்று காலை, பழைய மாணவர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் நடந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ஷாமியானாவுக்குக் கீழே மெத்தை போட்ட நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் 'நன்கொடையாளர்' என்று சீட்டு. என் பெயரிலும் ஒன்று. பாதிக்கு மேல் காலி. விளையாடுகிற பையன்களின் தோழர்கள் அந்தப் பக்கம் வெயிலில் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, மரியாதைக்காகச் செய்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலும் யாரும் முதல் வருஷமே தபால்காரரை மேலே அனுப்பவில்லை. முதலில் மரியாதைக்கு நாலு நாற்காலிதான் போட்டிருப்பார்கள்.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நன்கொடை கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆய்வுக்கூடத்துக்கும் ஹாஸ்டல் கூரைக்கும் பணம் வேண்டியிருக்கிறது. கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுங்கள். ஆனால் அடுத்த வருஷம் நாற்காலியில் சீட்டு ஒட்ட வேண்டாம். வயதானவர்களுக்கு நிழலில் இடம் கொடுங்கள், மிச்ச இடத்தில் மாணவர்கள் உட்காரட்டும். இடத்துக்காகக் கொடுத்தால் அது நன்கொடை இல்லை, வாடகை. நான் பத்து வருஷத்துக்கு மேல் வாடகை கட்டியவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

மாணவர்களே, பின்னால் ஏன் நிற்கிறீர்கள்? இதோ முன் வரிசையில் ஆறு நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். யாராவது ஏதாவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.