தோட்டப் பள்ளியில் பல்தேர்வு வினாவும் கணினி நிரலும்



பல்தேர்வு வினாத்தாளைத் திருத்தி ஆராயும் சிறு கணினி நிரல் ஒன்றைத் தொடக்கநிலையாளர் எவ்வாறு எழுதலாம் என்பது இன்றைய உரைப்பொருள். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை மனத்திற்கொண்டு இதனைப் பேசுகிறேன்.

1885இல் வில்லியம் கேமரன் அளவையிட்ட அம்மலைப் பகுதியில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. போ, புளூவேலி முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் அங்கு உள்ளன. தோட்டப் பள்ளிகள் பல 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை. ஒரு வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளே அமர்ந்திருப்பதும் உண்டு.

பன்னிரண்டு தாள்களைத் திருத்தக் கணினி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1988 முதல் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. இன்று தொடக்கப்பள்ளியில் மதிப்பீட்டுப் பொறுப்பு பெரிதும் வகுப்பாசிரியரிடமே உள்ளது. வினா எழுதுபவரும் அவரே, திருத்துபவரும் அவரே. வினாவில் பழுதிருந்தால் அதன் சுமை பிள்ளையின் மதிப்பெண்ணில் விழும். ஆகவே நமக்கு வேண்டுவது மாணவரை அளப்பதோடு வினாவையும் அளக்கும் கருவி.

இம்முயற்சி புதிதன்று. பள்ளி ஆசிரியராயிருந்த ரேனால்ட் ஜான்சன், பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் இயல்பைக் கொண்டு விடைத்தாள் திருத்தும் வழி கண்டார். அதன் அடிப்படையில் ஐபிஎம் நிறுவனம் 1938இல் ஒரு திருத்தும் பொறியை வெளியிட்டது. அன்று பெரும்பொறி செய்த வேலையை இன்று பைத்தான் மொழியில் இருபது முப்பது வரிகளில் எழுதிவிடலாம். 2008இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடவும் இயலும். கட்டளைச் சொற்களும் தமிழில் வேண்டுமென்போர்க்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழி உண்டு.

நிரலின் அமைப்பு எளிது. இருபது வினாக்களுக்குரிய சரியான விடைகளை ஒரே எழுத்துச் சரமாக எழுதி, அதற்கு 'திறவு' எனப் பெயரிடுங்கள். ஒவ்வொரு மாணவரின் விடைகளையும் அவ்வாறே ஒரு சரமாக்குங்கள். மாணவரின் பெயருக்குப் பதிலாக எண் இட்டால் போதும். விடையளிக்காத வினாவுக்குச் சிறு கோடு இடுங்கள். இல்லையேல் அடுத்த விடைகள் யாவும் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும். பின்னர் ஒரு சுழற்சியில் இரு சரங்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பொருந்துமிடத்தில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இங்குத் தமிழ் மாணவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 'கொழுந்து' என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினியிடம் அதன் நீளத்தைக் கேட்டால் எட்டு என்னும். மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. விடைக்குறிகளாக அ, ஆ, இ, ஈ என்னும் உயிரெழுத்துகளைக் கொண்டால் இச்சிக்கல் எழாது. அவை ஒவ்வொன்றும் கணினிக்கும் ஓர் எழுத்தே.

இனி ஆய்வுக்கு வருவோம். ஒரு வினாவைச் சரியாகச் செய்தவர் தொகையை மொத்த மாணவர் தொகையால் வகுத்தால் எளிமை எண் கிடைக்கும். அடுத்து, மதிப்பெண் வரிசையில் மேலுள்ள ஒரு பகுதியினரையும் கீழுள்ள அதே அளவினரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரூமன் கெல்லி 1939இல் இதற்கு 27 விழுக்காடு ஏற்றது எனக் காட்டினார். மேற்குழுவில் சரியாகச் செய்தவர் தொகையிலிருந்து கீழ்க்குழுவில் சரியாகச் செய்தவர் தொகையைக் கழித்து, ஒரு குழுவின் தொகையால் வகுத்தால் கிடைப்பது வேறுபடுத்தும் எண். அது எதிர்மறையானால், நன்கு கற்றவரே அவ்வினாவில் தவறுகின்றனர் என்று பொருள்.

ஒரு கற்பனை வினாவைப் பாருங்கள். '20 கிலோ கொள்ளும் கூடையில் குறைந்தது 16 கிலோ கொழுந்து. கூடையில் உள்ள எடை எதுவாக இருக்கலாம்? அ) 4 ஆ) 12 இ) 15 ஈ) 18.' சரியான விடை ஈ. பன்னிருவரில் ஐவர் ஈ என்றும், அறுவர் அ என்றும், ஒருவர் இ என்றும் எழுதினர் எனக் கொள்வோம். மேலுள்ள மூவரில் ஒருவரும் கீழுள்ள மூவரில் இருவரும் சரியாகச் செய்திருந்தால் வேறுபடுத்தும் எண் −0.33.

ஆயினும் இவ்வெண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தல் ஆகாது. மூவர் கொண்ட குழுவில் ஒரே பிள்ளையின் விடை மாறினாலும் எண் 0.33 மாறிவிடும். சிறு வகுப்பில் அதனைவிடத் தெளிவாகப் பேசுவது தவறான விடைகளின் கணக்கே. அறுவர் ஒரே தவறான விடையில் கூடியது ஏன்? 'குறைந்தது' என்ற சொல்லுக்கு நாம் கருதிய பொருள் 'குறையாமல்' என்பது. பிள்ளைகளோ '16 கிலோ குறைந்துபோயிற்று' எனக் கொண்டு இருபதிலிருந்து கழித்தனர். அவர்கள் கழித்தலில் தவறவில்லை. '16 கிலோவுக்குக் குறையாமல் கொழுந்து உள்ளது' என எழுதியிருந்தால் இக்குழப்பத்துக்கே இடமிராது.

இத்தகைய வினாவைக் கண்டால் அந்த அறுவரையும் அழைத்து, எவ்வாறு படித்தார்கள் எனக் கேட்க வேண்டும். காரணம் சொல்லின் மயக்கமே எனத் தெரிந்தால் அவ்வினாவை மதிப்பெண் கணக்கிலிருந்து நீக்குவதே முறை. அண்டைத் தோட்டப் பள்ளிகள் ஒரே வினாத்தாளைப் பயன்படுத்தி விடைகளை ஒன்றுசேர்த்தால் எண்களும் வலுப்பெறும்.

மாணவர்களே, நிரலை நீங்கள் எழுதுங்கள். ஆசிரியர்களே, அது காட்டும் வினாக்களின் தமிழை நீங்கள் திருத்துங்கள். அடுத்த மாதத் தேர்வுக்கே இதனைத் தொடங்கலாம்.