பிடியரிசியும் பள்ளிக்கூடமும்

(ஆனைக்குட்டத்தில் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காக அமைந்த உபந்நியாசம்)

ஐக்கிய சங்க அங்கத்தினர்களே!

அர்ச்சுனா நதியின் குறுக்கே ஆனைக்குட்டத்தில் நீர்த்தேக்கம் அமைந்திருக்கிறது. ஆயினும் சுற்றுப்புறத்து மானாவாரிக் கரிசற் காடுகள் மழையையே நம்பியுள்ளன. மழை பொய்த்த வருஷத்தில் கூலியே கதி. அவ்வருஷங்களில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் அநேக குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தன. அவையே ஒரு காலத்தில் பாலர்களையும் பள்ளியினின்று இழுத்தன. குழந்தையின் கூலி அன்றைய உலைக்கு உதவும். அது இழக்கும் கல்வியோ குடும்பத்தின் முதல். முதலைத் தின்று காலங்கழிப்பதன் நஷ்டத்தை நாணய சங்கத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஏழைகள் மிகுந்த ஊர் ஒரு பள்ளியைத் தாங்க இயலுமா? இதற்கு விடை இந்த ஜில்லாவிலேயே உண்டு. விருதுபட்டி என்று முன்னர் வழங்கிய விருதுநகரில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. கோயிற் பிரவேசம் முதலிய உரிமைகள் மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தார் அதனை ஸ்தாபித்தனர். வியாபாரிகள் தங்கள் சரக்கின்மேல் மகமை செலுத்தினர். இல்லங்களில் பெண்கள் சோறு சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தனர். அவ்வரிசியைத் திரட்டிப் பள்ளியின் செலவுக்கு உபயோகித்தனர். ஒரு பிடி அரிசியால் எவரும் பசித்திருக்கவில்லை. பல வீட்டுப் பிடிகள் சேர்ந்து பள்ளியைக் காத்தன. ஐக்கிய இயக்கத்தின் தத்துவமும் இதுவேயாகும்.

அப்பள்ளியில் பயின்றவர் கு. காமராஜர். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்த அவர், வறுமையினால் படிப்பை நிறுத்தி மாமனின் ஜவுளிக் கடையில் அமர்ந்தார். பள்ளி ஊரிலிருந்தும் வீட்டின் வறுமை வென்றது. அவரே முதலமைச்சரான பின், 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு பரவ வழிசெய்தார். அதற்கு அரசாங்கப் பணத்துடன் ஊராரின் நன்கொடையும் துணையாயிற்று.

சிவகாசித் தொழிற்சாலைகளில் சிறுவர் உழைத்ததைக் குறித்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ. 20,000 செலுத்த வேண்டுமென்றும், அந்நிதியின் வருமானம் குழந்தை பள்ளி செல்லும் வரையே குடும்பத்துக்குக் கிடைக்குமென்றும் விதித்தது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-ல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. சர்க்கார் இவ்வளவும் செய்தும், ஊரார் செய்ய வேண்டியவை சில மீதமுள்ளன.

முதலாவது, பள்ளிக்கு வாராத குழந்தைகள் எந்தெந்த வீட்டில் உளர் என்பதைத் தலைமையாசிரியரோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் கலந்து அறிதல். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்பது 2009-ஆம் வருஷத்துச் சட்டம்.

இரண்டாவது, காலத்தில் கடன் கொடுத்தல். வீட்டில் மரணமோ நோயோ நேர்ந்த மாதத்தில்தான் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அந்த மாதத்தில் பிறரிடம் முன்பணம் வாங்கினால், அதற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பைக் கொடுக்கும் நிலை நேரும். சங்கத்தின் சிறு கடன் உடனே கிடைக்குமாயின் அப்பிள்ளை பள்ளியிலேயே இருக்கும். கட்டிடத்துக்குக் கல் வாங்கிக் கொடுப்பதினும் இது மேலான கல்வித் தொண்டு.

மூன்றாவது, லாபத்தில் ஒரு பங்கு. 1912-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டமே, நிகர லாபத்தில் கால் பங்கைச் சேம நிதிக்கு ஒதுக்கியபின், மிச்சத்தில் நூற்றுக்குப் பத்து வரையில், ரிஜிஸ்திராரின் சம்மதத்துடன் தர்மத்துக்கு அளிக்க இடந்தந்தது. கல்வியும் அத்தர்மத்தில் அடங்கும். இன்று அமலிலுள்ள சட்டத்தையும் உபவிதிகளையும் அனுசரித்து மகாசபையில் இவ்வாறே தீர்மானிக்கலாம்.

நான்காவது, கணக்கு. பிடியரிசியாயினும் மாதச் சந்தாவாயினும், வரவும் செலவும் தனிப் புத்தகத்தில் ஏறவேண்டும். அதனை மகாசபையில் உரக்கப் படிக்கவேண்டும். கணக்கற்ற தர்மம் இரண்டாம் வருஷத்தில் சண்டையாக முடியும். உதவி பெறும் பிள்ளையின் பெயரைச் சபையில் கூறி அதனை நாணச் செய்தலும் ஆகாது.

ஒரு சமூகத்தார் தம் மக்களுக்காகத் தொடங்கிய முறையை, இன்று ஊர் முழுதும் எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்காகவும் கைக்கொள்வதே தகும். சங்கத்தின் பேரேட்டில் தெருப் பேதமில்லை. பள்ளிக்கான ஏட்டிலும் அது வேண்டா. அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இவ்விஷயத்தை முதலாவதாக எழுதுவீர்களாக!