பதினாறாம் நாளுக்குப் பிறகு

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே கூடுகிறது. சேர்ந்து அழ ஆளுண்டு, சோறாக்கிக் கொண்டுவர ஆளுண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பறிகொடுத்தவருக்கோ அதற்குப் பிறகுதான் இழப்பு உறைக்கத் தொடங்குகிறது. இறப்புச் சான்றிதழின் நகலோடு வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். ரேஷன் கார்டிலிருந்து கணவரின் பெயரை நீக்கச் சொல்லி மனைவியே மனு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் 'அவர் இறந்துட்டார்' என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

இந்த நாட்களில் தூக்கம் கெடும், பசிக்காது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். இதெல்லாம் நோயல்ல. துக்கத்துக்கு ஐந்து நிலைகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான். இழந்தவர்கள் எல்லாரும் அதே வரிசையில் போவதில்லை. காலையில் தெளிவாகக் கணக்குப் பார்த்தவர், மாலையில் கொடியில் கிடக்கும் துண்டைக் கண்டதும் உடைந்துபோவார். இப்படி மாறி மாறி வருவதே இயல்பு என்று 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஆகவே, பேரப்பிள்ளையின் குறும்பைப் பார்த்துச் சிரித்துவிட்டால் குற்றவுணர்வு வேண்டாம்.

இந்தத் துக்கத்தோடு மனநல ஆலோசகரிடம் போனால் அவர் என்ன செய்வார்? மறக்கச் சொல்ல மாட்டார். 'அவரைப் பற்றிச் சொல்லுங்க' என்பார். உறவினர்கள் கேட்டுச் சலித்த கதையை முழுதாகக் கேட்பார். 'அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாரே' என்று ஒரு நினைப்பு நெஞ்சை அரிக்கும். அன்று உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாது என்று கூடவே உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார். சொல்லாமல் விட்டதை இறந்தவருக்கே கடிதமாக எழுதச் சொல்வதும் உண்டு.

எல்லாருக்கும் ஆலோசனை தேவைப்படாது. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் ஏக்கம் தணியாமல், அன்றாட வேலையே ஓடாமல் இருந்தால் அதை நீடித்த துக்கம் என்கிறது மருத்துவம். அதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. 'நானும் போய்ச் சேர்ந்துட்டா தேவலை' என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சுற்றியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'அழாதே, தைரியமா இரு' என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்தும் போய்ப் பாருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். ஆலோசகரிடம் போகப் பறிகொடுத்தவர் தயங்கினால், முதல் நாள் துணைக்கு நீங்களும் போங்கள்.