ஜூரியும் இனச்சார்பும்

குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதானா என்பதைப் பொதுமக்களுள் சிலர் கூடித் தீர்மானிப்பதே ஜூரி முறை. கீரனூரில் வகுப்பு நடத்திய காலத்தில் இதனை விளக்கத் திலகர் வழக்குகளையே எடுத்துக்கொள்வேன்.

'கேசரி'யில் வெளிவந்த எழுத்துக்களுக்காக 1897இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர்மீது இராஜத் துரோக வழக்கு நடைபெற்றது. ஜூரர் ஒன்பதின்மருள் அறுவர் ஐரோப்பியர், மூவர் இந்தியர். அறுவர் குற்றவாளி என்றனர்; மூவர் குற்றமற்றவர் என்றனர். 1908இல் மீண்டும் ஒரு வழக்கு. இம்முறை எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். முடிவும் ஏழுக்கு இரண்டாகவே பிரிந்தது! ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. 1912இல் துணைவியார் மறைந்தபோதும் அவர் மாண்டலேச் சிறையில்தான் இருந்தார்.

அவ்வெழுவரைக் கயவர் என்று நான் கருதவில்லை. மராத்திக் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டு, மனச்சான்றின்படியே முடிவு கூறியதாக அவர்கள் நம்பியிருக்கக்கூடும். இங்கேதான் இடர்ப்பாடு. தம்மையறியாமல் உள்ளத்தில் ஊறிய ஓரம், எடுத்துக்கொண்ட உறுதிமொழியால் நீங்குவதன்று. ஆதலின், ஜூரியில் யாரை அமர்த்துகிறோம் என்பதே முதற் கேள்வியாகிறது.

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை மறைந்தது. அமெரிக்காவிலோ நிலைத்துள்ளது. அங்கே வழக்கறிஞர் காரணம் கூறாமலே ஜூரர் சிலரை விலக்கலாம். அவ்வுரிமையால் கறுப்பின மக்கள் பலகாலம் ஒதுக்கப்பட்டனர். இனங்கருதி விலக்குதல் கூடாதென்று 1986இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறிற்று. ஆயினும் ஒருவர் கருத்தை மெய்ப்பிப்பது எங்ஙனம்? வாய்க்கு வந்த காரணமொன்று சொல்லித் தப்பலாமே! வாஷிங்டன் மாநிலத்தில் 2018இல் வகுக்கப்பட்ட விதி இச்சிக்கலை அவிழ்க்க முயல்கிறது. விலக்கியவர் உள்ளத்தைத் துருவ வேண்டுவதில்லை. உள்ளுறைந்த ஓரமும் உண்டென அறிந்த நடுநிலையாளர் ஒருவருக்கு, இனமும் ஒரு காரணமாகத் தோன்றக்கூடுமாயின், அவ்விலக்கு செல்லாது.