ஈவியும் ஏற்பியும்



அறிவியற் கலைச்சொற்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கரிமச் சூரிய மின்கலத்தில் எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளை என்னவென்று அழைப்பது?

1985ஆம் ஆண்டில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோரும் அவர்தம் மாணவரும், 60 கரியணுக்கள் கால்பந்து வடிவிற் கூடிய மூலக்கூற்றைக் கண்டறிந்தனர். குவிமாடங்களை வடிவமைத்த ஃபுல்லரின் பெயரால் அது ஃபுல்லரீன் ஆயிற்று. ஒளியை உண்ணும் கரிமப் பலபடியில் எலக்ட்ரான் கிளர்ந்தெழுகிறது. ஆயினும் தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு பிணைந்தே கிடக்கிறது. ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவுக்குள் பிரிக்கப்படாவிடில் இரண்டும் மீண்டும் கூடிவிடும், ஒளி வீணாகும். அருகில் ஃபுல்லரீன் இருப்பின் எலக்ட்ரானைத் தான் வாங்கிக்கொள்கிறது. இதனை 1992இல் சாண்டா பார்பராவில் சாரிசிஃப்ட்சி, ஹீகர் குழுவினர் காட்டினர். நொடியின் இலட்சங் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் அக்கைமாற்றம் முடிந்துவிடுகிறது! ஃபுல்லரீன் எளிதிற் கரையாது. 1995இல் ஹம்மெலன், வுட்ல் முதலியோர் அதற்கொரு வாலை இணைத்துக் கரையவைத்தனர். பி.சி.பி.எம். எனப்படும் அவ்வழிப்பொருளைப் பலபடியோடு கலந்து படலமாக்க இயன்றது.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'கொடையாளி' என்பது செவிக்கு இனிது. ஆனால் பாரி நினைவுக்கு வந்துவிடுகிறான். முல்லை கேளாமலே அவன் தேர் ஈந்தான். இங்கோ ஏற்கும் மூலக்கூற்றின் ஆற்றல் மட்டம் தாழ்ந்திருந்தாலன்றிக் கொடையே நிகழாது. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள், இரப்பவன் தாழ்ந்தவனாயின் 'ஈ', ஒத்தவனாயின் 'தா', உயர்ந்தவனாயின் 'கொடு' எனத் தொல்காப்பியர் வகுத்தார். மக்களிடையே அவ்வேறுபாடு நமக்கு உடன்பாடன்று. ஆற்றல் மட்டத்திலோ அது அளந்தறியத்தக்க உண்மை. ஆகவே 'ஈவி' என்கிறேன். எதிர்நிற்பது 'ஏற்பி'.

ஏற்பியைப் பொருளின் பெயராலேயே 'ஃபுல்லரீன்' என்றால் போதாதா எனச் சிலர் வினவுகின்றனர். போதாது. ஃபுல்லரீன் கலங்களின் திறன் 11, 12 விழுக்காட்டளவில் நின்றுவிட்டது. 2019இல் சீன அறிஞர் சோவின் குழுவினர் ஒய்6 என்னும் வேறு மூலக்கூற்றைக் கொண்டு 15.7 விழுக்காட்டை எட்டினர். அவ்வினத்துக்கு உலகோர் இட்ட பெயர் 'ஃபுல்லரீன் அல்லாதவை' என்பதே. விலகிய பொருளின் பெயரை எதிர்மறையாகச் சுமப்பது நமக்கு வேண்டா. செய்யும் தொழிலால் வந்த பெயர் இரண்டுக்கும் பொருந்தும்.

இவற்றினும் நல்ல சொற்கள் உங்களிடம் இருக்கலாம். ஒத்தார் கூடிய அவை இது. 'தாருங்கள்' என்றே கேட்கிறேன்.